ஜவ்வாது வேங்கை: வெட்டாத முழு நீளம்

நூர் கேபிள் விஷன்
ஆலங்காயம்
7-10-2025

திருமதி அபிநயா சக்திவேல் அவர்களுக்கு,
மேல்கொல்லை, ஜவ்வாது மலை.

வணக்கம். நேற்று மதியத்திலிருந்து உங்கள் வீட்டு இன்டர்நெட் லைன் நின்றிருக்கும். ரிப்பேர் இல்லை. நானே நிறுத்தினேன். மேல்கொல்லையில் என்னிடம் லைன் வாங்கிய ஆறு வீட்டுக்கும் இதே கதி, இதே கடிதம். உங்கள் ஊரில் டவர் கிடையாது, லைன் போனால் போனும் ஊமை என்பதால், எழுதி பஸ் கண்டக்டர் முனிசாமி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

காரணம் சொல்கிறேன். வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த லைனில் ஃபைல் பகிரும் மென்பொருளை ஓட்டக் கூடாது என்று லைன் கொடுத்த அன்றே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். எல்லோரும் தலையை ஆட்டினீர்கள். போன வாரம் பார்த்தால், உங்கள் ஊரில் ஒரு பெரிய ஃபைல் வீடு வீடாகப் போகிறது. ஒருவர் வாங்கின துண்டை அடுத்தவருக்குக் கொடுக்கிறார், அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். இது என்ன வேலை என்று எனக்குத் தெரியாதா? புதுப்படம் திருட்டுத்தனமாக ஊர் சுற்றுவது இப்படித்தான்.

பக்கத்து வீட்டுக்குத்தானே கொடுத்தோம் என்பீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போகிற ஃபைலும் மலையை விட்டிறங்கி என் ஆபீஸைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப ஏறும். மேலிருந்து கீழே வருகிற வழி ஒற்றையடிப்பாதை. அதில் நீங்கள் ஆறு பேரும் லாரி ஓட்டினால் ரேஷன் கடை மெஷின் எப்படி வேலை செய்யும்? போன வாரம் கைரேகை வைக்க வந்த சனம் வெயிலில் நின்று என்னைத்தான் திட்டியது. வேலூர் கம்பெனிக்காரன் ஏற்கெனவே ஒரு முறை எச்சரித்துவிட்டான். இன்னொரு முறை என்றால் என் ஏஜென்சியைப் பிடுங்கிவிடுவான். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு நான் என்ன குறை வைத்தேன்? குரங்கு கடித்துப் போட்ட ஒயரைக் கட்ட ஆவணி மாதம்கூட வந்தேன். உங்கள் ஊர்க்காரன் ஒருவன் ஏணியைப் பிடிப்பதாகச் சொல்லிவிட்டுப் பாதியில் போட்டுவிட்டு ஓடினான். நான் புளியமரத்துக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் நான் கம்பெனிக்கா எழுதினேன்?

இனிமேல் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள், லைன் வரும். ஆபீஸ் வாசலில் வந்து சத்தம் போட வேண்டாம். எதுவானாலும் எழுத்தில்.

இப்படிக்கு,
வக்கார் அஹ்மத்

❖

மேல்கொல்லை
9-10-2025

வக்கார் பாய் அவர்களுக்கு,

அபிநயா எழுதுவது. பாப்பாவுக்குக் காய்ச்சல், இல்லையென்றால் ஆபீஸ் வாசலிலேயே வந்து நின்றிருப்பேன். அந்த விஷயத்தில் உங்களுக்கு யோகம்தான்.

நாங்கள் பகிர்ந்தது சினிமா இல்லை. ஆவணியில் என் மகளுக்குக் காது குத்தினோம். அந்த வீடியோ. எடுத்தவர் எங்கள் ஊர் துரைக்கண்ணு. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு சிடி போட்டுத் தருவார். சீர்வரிசைத் தட்டு தூக்கி வந்த ஒவ்வொரு வீட்டுக்கும், தன் தட்டு வீடியோவில் வந்திருக்கிறதா என்று பார்க்காவிட்டால் சோறு இறங்காது. இப்போது சிடி போட மெஷின் யாரிடம் இருக்கிறது? அதனால் துரைக்கண்ணு தன் கம்ப்யூட்டரில் ஃபைலை வைத்துவிடுவார். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, எடுத்ததை அடுத்த வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். விசேஷத்துக்கு அண்டா ஒரு வீட்டிலும் கரண்டி ஒரு வீட்டிலும் வாங்குவதில்லையா, அது மாதிரிதான். இதில் எங்கே பாய் திருட்டு?

ஃபைலுக்கு ‘ஜவ்வாது வேங்கை’ என்று பேர் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது துரைக்கண்ணுவின் வியாதி. எந்த வீட்டு விசேஷமானாலும் சினிமாப் பேர் வைத்து, போஸ்டர் செய்து, தாய்மாமனுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டி, பின்னால் ஒரு புலியை நிற்க வைப்பார். அந்தப் போஸ்டரில் இருக்கும் வேங்கை என் தம்பி கலையரசன். நிஜத்தில் பூனைக்கே வழி விடுகிறவன்.

கம்பெனியிடம் நாங்கள் மாதாமாதம் வாங்குவது ஒரு அளவு. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பீர்கள், குறைத்துக்கொள்ளுங்கள். அளவுக்குள் மேலே ஏற்றினோமா கீழே இறக்கினோமா என்று பார்க்க நீங்கள் யார்? ஏணியை விட்டு ஓடினவன் யாரென்று எனக்குத் தெரியாது. நீங்கள் கத்தின கத்தலில் பயந்து ஓடியிருப்பான்.

10-10-2025

பாய், நேற்று எழுதினதை அனுப்புவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கோபத்தில் எழுதின வரிகளை மன்னியுங்கள். கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன், விவரம் அதில்தான் இருக்கிறது.

கலையரசனைப் போலீஸ் பிடித்துவிட்டது. குடகுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறான். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை அங்கே குடோன் பூட்டை உடைத்து மிளகு மூட்டைகளைத் தூக்கிவிட்டார்களாம். அதே வெள்ளிக்கிழமை காலையில்தான் இங்கே அவன் மடியில் உட்கார வைத்துப் பாப்பாவுக்குக் காது குத்தினோம். லீவு சொல்லாமல் வந்திருந்தான். கூட வேலை செய்கிற பிள்ளைகள், பாவம், ஒரு நாள் கூலி போகக் கூடாதென்று, மேஸ்திரி பேர் கூப்பிட்டபோது இவனுக்கும் சேர்த்து “வந்துட்டான்” என்று குரல் கொடுத்திருக்கிறார்கள். இப்போது தோட்டக்காரர்கள் சொல்வது இதுதான்: பேர் இருக்கிறது, ஆளைச் செடிப் பக்கம் யாரும் பார்க்கவில்லை, அப்படியானால் குடோனில்தான் இருந்திருப்பான். குரல் கொடுத்தவர்கள் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சக்திவேல் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். அந்த வீடியோ முழுசாக எங்கள் யார் வீட்டிலும் இன்னும் இறங்கவில்லை. பாதியில் அறுத்துவிட்டீர்கள். ஒரு நாள் லைன் கொடுங்கள் பாய். என் தம்பி வெளியே வர அது ஒன்றுதான் இருக்கிறது.

அபிநயா

❖

ஆலங்காயம்
12-10-2025

திருமதி அபிநயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தம்பி விஷயம் உண்மையானால் வருத்தம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இந்தத் தொழிலில் லைன் அறுபட்ட யாரும் சும்மா இருந்ததில்லை. ஒருவருக்கு மாமனார் ஐசியூவில், ஒருவருக்கு மகளுக்குப் பரீட்சை. லைன் வந்த மறுநாள் பார்த்தால் பழைய வேலைதான். செங்கம் பக்கம் ஒருவர் கல்யாண வீடியோ என்று சத்தியம் செய்தார். திறந்து பார்த்தால் அந்த வாரம் வந்த படம். அன்றைக்கு ஏமாந்தவன் இன்றைக்கு நம்ப மாட்டேன்.

போஸ்டரை நானும் பார்த்தேன். கூலிங்கிளாஸ், புலி, கீழே எரிகிற ஜீப். காது குத்துக்கு ஜீப் எதற்கு எரிகிறது?

வீட்டு லைனில் அளவுக்குள் என்ன செய்தால் உனக்கென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மலைக்கு வருவது ஒரே கம்பி. உங்கள் அளவு உங்களுடையது, கம்பி எல்லோருடையது. நியாயமாக எல்லோருக்கும் போய்ச் சேரத்தான் அந்த விதியே இருக்கிறது. நான் எழுதின விதி இல்லை, ஆனால் எனக்கு அது சரியென்றுதான் படுகிறது.

இந்த முறை வாயால் பேசப் போவதில்லை. ஆதாரம் என்னிடம் முழுசாக இருக்கிறது. டிஸ்க்கில் போட்டு, உறை ஒட்டி, பீரோவில் வைத்திருக்கிறேன். தீபாவளி முடிந்து கம்பெனி ஆள் வருகிறார். அவர் கையில் கொடுத்து, விதியை மீறியது நானில்லை, மேல்கொல்லைக்காரர்கள்தான் என்று காட்டினால்தான் என் ஏஜென்சி தப்பும். அதுவரை லைன் தருவதற்கில்லை.

வக்கார் அஹ்மத்

❖

மேல்கொல்லை
16-10-2025

வக்கார் பாய் அவர்களுக்கு,

நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும். கெஞ்சுவதற்கு எனக்கு நேரமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சக்திவேல் அங்கே ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறார். காவலூர் ரோட்டு வளைவு வரை நடந்து போய், சிக்னல் கிடைத்த இடத்தில் நானே அவரிடம் பேசினேன். வருகிற 24ஆம் தேதி ஜாமீன் மனு. சொந்தக்காரர்கள் எடுத்த போன் வீடியோ எதையும் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாது என்றார். “முன்னாடி பின்னாடி வெட்டி ஒட்டிட்டீங்கன்னு சொல்லிடுவாங்கம்மா. வெட்டாத முழு நீளம் வேணும், கேமராவே தேதி போட்டிருக்கணும். சொந்தபந்தம் இல்லாத ஒரு ஆளு, அன்னைக்கு இவரைப் பார்த்தேன்னு சொன்னா இன்னும் நல்லது” என்றார். மலை மேல் அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் மாமன், மச்சான், பங்காளி. வெளியாள் யாரென்று எங்கே போவேன்?

நீங்கள் லைன் தராததால் நாங்களே ஒரு வேலை செய்தோம். ஆறு வீட்டுக் கம்ப்யூட்டரையும் என் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். செல்லி அக்கா மானிட்டரைப் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் ஒரே வைஃபையில் சேர்த்துவிட்டு, அவரவரிடம் இருக்கிற துண்டுகள் ஒன்றுசேரட்டும் என்று சுற்றி உட்கார்ந்திருந்தோம். பந்தல் வந்தது. சீர்வரிசை வந்தது. செல்லி அக்கா தட்டு வந்தது, அழுதேவிட்டாள். தாய்மாமன் மாலை போட்டுக்கொண்டு மணையில் உட்கார வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சாப்பாட்டுப் பந்தி. நடுவில் இருக்கிற துண்டு ஒரு வீட்டிலும் இல்லை. அந்த நடுவில்தான் என் தம்பி இருக்கிறான்.

துரைக்கண்ணுவிடம் அசல் இருக்குமே என்பீர்கள். அழித்துவிட்டார். அவர் வழக்கம் அது. “ஒரு வூட்டுக்கு முழுசா போய் சேந்துச்சின்னா நான் அழிச்சிடுவேன் அபி. அப்புறம் ஊரு பாத்துக்கும். ஐப்பசில வரிசையா கல்யாணம் கீது, எடம் வேணுமே” என்கிறார். லைன் போவதற்கு முன்னால் அவர் மென்பொருள் ஒருவருக்கு முழுசாகப் போய்விட்டதாகக் காட்டியிருக்கிறது. அந்த லைன் ஆலங்காயத்தில் இருப்பதாகவும் காட்டியிருக்கிறது. அங்கே சக்திவேலுக்கு அத்தை முறையில் ஒருத்தர் இருக்கிறார், அவர்கள்தான் என்று நினைத்து நிம்மதியாக அழித்திருக்கிறார். அத்தை வீட்டில் டிவி பெட்டியே போன வருஷம்தான் வந்தது. அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

ஆக, ஆலங்காயத்தில் யாரோ ஒருவரிடம் அந்த வீடியோ முழுசாக இருக்கிறது. ஆலங்காயத்தில் லைன் கொடுப்பது நீங்கள்தான். லைன் எனக்கு வேண்டாம் பாய், வருஷம் முழுக்க வேண்டாம். அந்த ஆள் யார் என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். காலில் விழுந்தாவது நான் வாங்கிக்கொள்கிறேன்.

அபிநயா

❖

ஆலங்காயம்
17-10-2025

திருமதி அபிநயா அவர்களுக்கு,

எந்த வாடிக்கையாளர் எதை இறக்கினார் என்று வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. விதி அப்படி.

உங்கள் வீட்டுக்கு மட்டும் நாளை லைன் விடுகிறேன். அந்த மென்பொருளைத் தொட வேண்டாம். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

வக்கார் அஹ்மத்

❖

மேல்கொல்லை
19-10-2025

வக்கார் பாய்,

லைன் வந்தது. நான் அதைக் கேட்கவேயில்லை.

உங்கள் மூன்று கடிதங்களையும் வரிசையாகத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாய் ஓயாமல் திட்டுகிற மனுஷன் திடீரென்று நாலு வரியோடு ஏன் நிறுத்திக்கொண்டார் என்று யோசித்தேன். அப்புறம் முந்தின கடிதத்தை மறுபடி படித்தேன். “ஆதாரம் என்னிடம் முழுசாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். முழுசாக. எங்கள் யாரிடமும் முழுசாக இல்லாதது, அழித்துவிட்டதால் துரைக்கண்ணுவிடமும் இல்லாதது, உங்கள் பீரோவுக்கு எப்படி வந்தது?

நீங்கள்தான் அந்த ஆள். எங்கள் திருட்டைப் பிடிக்க நீங்களும் அதே மென்பொருளைப் போட்டு, எங்களோடு வரிசையில் நின்று, துண்டு துண்டாக வாங்கியிருக்கிறீர்கள். லைனின் தலையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு முதலில் இறங்கிவிட்டது. நீங்கள் முழுசாக வாங்கினதைப் பார்த்துத்தான் துரைக்கண்ணு அசலை அழித்தார். வாங்கின கையோடு எங்கள் லைனை அறுத்தீர்கள். என் தம்பி அன்றைக்கு எங்கே இருந்தான் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் மிச்சம். அதை உறை ஒட்டி, எங்களைத் திருடர்கள் என்று காட்ட வைத்திருக்கிறீர்கள்.

கம்பெனிக்கு இதை எழுதினால் உங்கள் ஏஜென்சி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். மிரட்டி வாங்குகிற பொருளை நடுவழியில் அழித்துவிடுவீர்களோ என்ற பயம்தான். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

நேற்று சக்திவேல் தம்பியைப் பார்த்துவிட்டு வந்து பேசினார். “அக்கா கையில வீடியோ இருக்குதில்ல, அப்புறம் இன்னா?” என்று கேட்டானாம். தைரியமாகச் சாப்பிடுகிறானாம். அவனுக்கு என்ன பதில் சொல்ல?

நாளைக்குத் தீபாவளி, பஸ் இல்லை. செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி உங்கள் ஆபீஸுக்கு வருவேன். பாப்பாவையும் தூக்கி வருவேன். அவள் காதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அது சினிமாவா என்று.

அபிநயா

❖

ஆலங்காயம்
20-10-2025

அபிநயாம்மாவுக்கு,

நீங்கள் எழுதினது அத்தனையும் சரி. அந்த ஆள் நான்தான்.

நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. போஸ்டரைப் பார்த்தேன், ஃபைலின் கனத்தைப் பார்த்தேன், சினிமா என்று முடிவு கட்டினேன். செங்கத்தில் பட்ட சூடு. உங்கள் இரண்டாவது கடிதம் வந்ததுமே அது என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. விதி என்று நாலு வரி எழுதிவிட்டு, ராத்திரி முழுக்கப் புரண்டேன். டிஸ்க்கைக் கொடுத்தால், நானே அந்த மென்பொருளை ஆபீஸ் லைனில் ஓட்டினேன் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. கம்பெனிக்காரன் விடுவானா? கொடுக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். என்னை நீங்கள் என்ன சொன்னாலும் தகும்.

உங்கள் கடைசிக் கடிதத்தைப் பஷீராவிடம், அதுதான் என் வீட்டுக்காரியிடம், படித்துக் காட்டினேன். அவள் போய் பீரோவிலிருந்து உறையை எடுத்து வந்து மேஜை மேல் வைத்தாள். “மொதல்ல பாப்போம்” என்றாள். வெளியே ஊரெல்லாம் வெடிச் சத்தம். நாங்கள் இருவரும் உட்கார்ந்து உங்கள் வீட்டுக் காது குத்தைப் பார்த்தோம்.

எரிகிற ஜீப்பெல்லாம் முடிந்து, ஓரத்தில் கேமரா போட்ட தேதியோடு பந்தல் வந்தது. சீர்வரிசை வந்தது. செல்லியம்மா யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், தட்டைக் கேமராவுக்கு நேராகக் காட்டுகிறார். பிறகு உங்கள் தம்பி வந்து மணையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்குகிறது, சட்டையெல்லாம் புளியமரத்துத் தூசி. மடியில் குழந்தையை வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. ஆளாளுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிறார்கள், நிற்கவில்லை. அப்போது உங்கள் தம்பி கையை நீட்டிச் சொல்கிறார்:

“அதோ பாரு பாப்பா! பாய் மரத்துல ஏறி மாட்டிக்கினாரு!”

குழந்தை பார்த்தது. துரைக்கண்ணுவும் கேமராவைத் திருப்பினார். அபிநயாம்மா, மரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் ஒயர் சுருளோடு, கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஏணி கீழே விழுந்து கிடக்கிறது. “ஏணியைப் புடிடா, எங்கடா ஓட்ற?” என்று என் குரல் நன்றாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் ஊசி இறங்கிவிட்டது. குழந்தை அழவேயில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஏணியை விட்டு ஓடினவன் உங்கள் தம்பிதான். “மாமனைக் கூப்புடு, மாமனைக் கூப்புடு” என்று பந்தலில் சத்தம் கேட்டது, அதுவும் இப்போது நினைவு வருகிறது. இரண்டு மாதமாக யார் கிடைத்தாலும் அவரிடம் நான் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த ஆளை, உங்களுக்கே எழுதித் திட்டின ஆளை, யாரென்று தெரியாமலே ஜெயிலில் விட்டிருந்தேன். பஷீரா வீடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “வெளியாளு ஒருத்தர் வேணும்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சில்ல?” என்றாள்.

டிஸ்க்கை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. பதற வேண்டாம். முனிசாமி நல்லவர்தான், ஆனால் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாளை வாணியம்பாடியில் ரயில் ஏறுகிறேன். நானே கொண்டுபோய் வக்கீல் கையில் கொடுக்கிறேன். சக்திவேலின் நம்பர் உங்கள் ஃபாரத்தில் இருக்கிறது, கூப்பிட்டுப் பேசிவிட்டேன். கோர்ட்டில் நிற்கச் சொன்னால் நிற்பேன்.

இன்னொன்று. ஆறு வீட்டுக்கும் லைனை விட்டுவிட்டேன். டிஸ்க்கிலிருந்து ஃபைலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மறுபடி ஏற்றித் திறந்து வைத்திருக்கிறேன். எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை கம்பெனி ஆள் வருகிறார். ரேஷன் கடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

வக்கார்

❖

மேல்கொல்லை
29-10-2025

வக்கார் பாய்க்கு,

செவ்வாய்க்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் கால் வைத்தபோதுதான் முனிசாமி உங்கள் கவரை நீட்டினார். தடவிப் பார்த்தேன், காகிதம் மட்டும்தான். படிக்காமலே அவரை ஒரு பிடி பிடித்துவிட்டேன். “அய்ய, இன்னாத்துக்குமா என்ன திட்ற, படிச்சிட்டுத் திட்டு” என்றார். படித்தேன். பஸ் போய்விட்டது. பாப்பாவோடு அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, என் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்துகிற நேரத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன், மரத்தில் நீங்கள் இருந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்புறம் 24ஆம் தேதி சாயங்காலம் வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீடியோ எங்களுக்கும் இறங்கிவிட்டதுதான், ஆனால் டிஸ்க் ரயிலில் தொலைந்துவிட்டால் மறுபடி கொண்டுபோக நாளேது? நீங்கள் பாதி வழியில் மனம் மாறிவிட்டால்? உங்கள் மேல் நம்பிக்கை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கோர்ட்டில் நடந்ததைச் சக்திவேல் நடித்தே காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களை மடக்கப் பார்த்தாராம். ஒரு நாள் பார்த்த முகத்தை இத்தனை நாள் கழித்து எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டாராம். நீங்கள் கோர்ட் என்றும் பார்க்காமல் குரலை உயர்த்தி, “ஐயா, என்னை மரத்து மேல விட்டுட்டு ஓடினவன் மூஞ்சியை நான் மறப்பேனா?” என்றீர்களாம். மொழிபெயர்த்துச் சொன்னவரே சிரித்துவிட்டாராம். அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. கேஸும் நிற்காது என்று வக்கீல் சொல்கிறார். ‘வந்துட்டான்’ என்று குரல் கொடுத்த பிள்ளைகளில் ஒருவன், உங்களைப் பார்த்த தைரியத்தில், உண்மையைச் சொல்லிவிட்டானாம். வெளியூர்க்காரர், வேற்று மனுஷர், இவ்வளவு தூரம் வந்து நிற்கிறார், நாம் நிற்கக் கூடாதா என்று.

கலையரசன் வீட்டில் இருக்கிறான். இளைத்துப் போயிருக்கிறான்.

உங்களுக்கு நடந்தது நேற்றுதான் தெரிந்தது. கம்பெனி ஆள் வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்து, விதி மீறல் என்று ஏஜென்சியை நிறுத்தி வைத்துவிட்டாராம். மலை முழுக்க மறுபடி லைன் இல்லை. ரேஷன் கடை வாசலில் இன்றைக்கும் கூட்டம் நின்றது. ஒருவர்கூட உங்களைத் திட்டவில்லை. ஜாமீன் கிடைத்த கதையை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஆறு வீடும் சேர்ந்து உங்கள் மேல் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதியிருக்கிறோம். பயப்படாதீர்கள், முழுசாகப் படியுங்கள். நூர் கேபிள் வக்கார் பாய் ஈவு இரக்கம் இல்லாதவர். வீட்டு லைனில் காது குத்து வீடியோவைப் பகிர்ந்ததற்காக ஒரே நாளில் ஆறு வீட்டையும் அறுத்தார். நோட்டீஸ் அனுப்பினார். அழுது கேட்டும் விதி, விதி என்றே பதில் எழுதினார். சந்தேகம் வந்தால் தானே உள்ளே புகுந்து ஆதாரம் எடுக்கிறார், அதனால்தான் அவர் கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் இருந்தது. இவ்வளவு கறாரான ஏஜென்டை நாங்கள் பார்த்ததே இல்லை. இப்படி எழுதி, உங்கள் முதல் மூன்று கடிதங்களையும் நகல் எடுத்து இணைத்திருக்கிறோம். செல்லி அக்கா கைநாட்டு வைத்தாள். எழுதினதெல்லாம் உண்மை, ஒரு வரிகூடப் பொய் இல்லை. உங்கள் கடைசிக் கடிதத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

பலிக்குமா தெரியாது. பலித்தால் முதல் வேலையாக மேலே வாருங்கள். மழையில் புளியமரத்து ஒயர் மறுபடி தொங்குகிறது. ஏணியைக் கலையரசன் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறான். “இந்தத் தடவ யாரு கூப்ட்டாலும் நான் போவ மாட்டேன்னு பாய்கிட்ட எழுதுக்கா” என்கிறான்.

அபிநயா